ராய்ஸ் வாங்கிய துப்பாக்கி

மெர்லுடைய துப்பாக்கிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போதே லோனியின் போன் மறுபடியும் அடித்தது.

"அந்தம்மாதான். எடுக்கட்டுமா?"

"நீ எடுக்கலேன்னா என் போனுக்கு வருவா. எடு," என்றாள் வெர்னா குபெச்கா. "ஆறுதலா நாலு வார்த்தை சொல்லு. ஜோக் அடிச்சு வைக்காதே."

வெர்னா இறங்கிக் கடையை நோக்கி நடந்தாள். கிழக்கு டெக்சாஸின் பைன் காடுகளில் இருபது வருடத்துக்கு மேல் வேட்டைக் காவலராக இருந்தவள். திருட்டு வேட்டைக்காரர்களைத் துரத்தித் துரத்தி முழங்கால் தேய்ந்துபோய், இப்போது தனியார் துப்பறியும் ஆபீஸ் ஒன்று நடத்துகிறாள். லோனி டேட்ஸ் அவளுடைய ஒரே சிப்பந்தி. வண்டி ஓட்டுவான், போட்டோ எடுப்பான், வாய் ஓயாமல் பேசுவான். முதல் இரண்டுக்குத்தான் சம்பளம் என்று வெர்னா அடிக்கடி சொல்வாள்.

"மிசஸ் ஹாஸ்கெட், நான் லோனி பேசறேன்."

"ஏதாவது தெரிஞ்சுதா?" நடீன் ஹாஸ்கெட்டின் குரல் மெல்லியதாக, வறண்டு போய் இருந்தது. தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல.

அன்று காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றிருந்தாள். சிறிய உருவம். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. இடது கையை நீட்டித்தான் கைகுலுக்கினாள். உட்காரச் சொல்வதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"என் புருஷன் இன்னிக்கு ஒரு ஆளைக் கொல்லப் போறார். அதுக்குள்ள அவரைக் கண்டுபிடிங்க."

ஐந்து வருடத்துக்கு முன்னால் கோல்பி ட்ரெண்ட் என்ற பையன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வந்து அவர்கள் கார்மீது மோதியிருக்கிறான். பின் சீட்டில் இருந்த மகன் வெஸ் செத்துப்போனான். பதினொரு வயது. கோல்பி நேற்றுப் பரோலில் வெளியே வந்துவிட்டான். போன வாரம்தான் அவள் கணவன் ராய்ஸ் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறான். இன்று விடிவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போனை வீட்டிலேயே விட்டுவிட்டான். "அந்தப் பையன் எங்கே இருக்கான்னு கண்டுபிடிச்சா அவரையும் கண்டுபிடிச்சிடலாம்" என்றாள் நடீன். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதுதான் லோனியை என்னவோ செய்தது.

ஷெரிஃப் ஆபீஸில் கேட்டதற்கு, நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து கிடக்கிறது, அது முடிந்த பிறகு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

கோல்பியை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்தது லோனிதான். ஆயுசு முழுக்கப் புகையிலை மென்றே பழகிய கோல்பியின் மாமா, நேற்றுத் தூண்டில் புழு விற்கும் கடையில் சிகரெட் வாங்கியிருந்தார். "அறுபது வயசுக்கு மேல யாரும் புதுசா ஒரு கெட்ட பழக்கம் பழக மாட்டாங்க மிஸ் வெர்னா. பழைய பழக்கத்துக்கே மூச்சு பத்தாது," என்று அவன் சொன்னபோது வெர்னாகூடச் சிரித்துவிட்டாள்.

"ஆளு கிடைச்சுட்டான், மிசஸ் ஹாஸ்கெட்," என்றான் லோனி போனில். "நெச்சஸ் ஆத்துப் பாலத்தைத் தாண்டி, பழைய மர மில்லுக்குப் பின்னாடி அவங்க மாமாவோட மீன்பிடிக் குடிசை இருக்கு. அங்கதான் ஒளிஞ்சிருக்கான். ஊர்ல யாருக்கும் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கும் தெரிய வழியில்ல. போலீசும் வந்துடும். கொஞ்சம் தைரியமா இருங்க."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"நன்றி தம்பி," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

லோனி கடைக்குள் போனான். ஒரு பக்கம் தூண்டில் மீன் தொட்டி குமிழிவிட்டது. இன்னொரு பக்கம் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். கல்லாவுக்குப் பின்னால் மெர்ல், தொங்கு மீசையும் இரண்டு மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில்.

"ராய்ஸ் ஹாஸ்கெட்டா? வந்தானே," என்றார். "என்ன, ஏதாவது தப்பு பண்ணிட்டானா?"

"இன்னும் இல்ல," என்றாள் வெர்னா. "என்ன வாங்கினான்னு சொல்லு. அதை வெச்சு அவன் எங்கே நிப்பான்னு பாக்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து சுடற துப்பாக்கியா, கிட்டப் போய்ச் சுடறதா?"

மெர்ல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டைக் காவலராக இருந்த காலத்தில் இந்தக் கடையிலேயே அவரை இரண்டு தடவை மாட்டிவிட்டவள். இருந்தாலும் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டு வேலை இல்லை என்று புரிந்துகொண்டார். எழுந்தார்.

"அவன் கேட்டது, பெரிய குண்டு வேணும், தானா அடுத்த குண்டு ஏறிக்கணும், விலை கம்மியா இருக்கணும். மூணும் சேந்து கிடைக்காதுப்பா, ரெண்டை எடுத்துக்கோன்னேன்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரில்ல இருக்கு," என்றான் லோனி.

"வாயை மூடு," என்றாள் வெர்னா. "எதுக்குன்னு கேட்டியா?"

"காட்டுப் பன்னியாம். வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்தையே உழுது போட்டுடுச்சாம். பன்னிக்கு எதுக்குய்யா அவ்வளவு செலவு, இந்தா போல்ட் இழுத்துச் சுடறது, பாதி விலைன்னு எடுத்துக் காட்டினேன். தொட்டுக்கூடப் பாக்கல. கீழ லீவர் தள்ளிச் சுடறது ஒண்ணு, பழசு, நல்ல சாமான். அதுவும் வேண்டாம்னுட்டான்."

"அவன் வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குமே?"

"இல்லாம? அவங்கப்பனோட மான் துப்பாக்கி. போல்ட்தான். அதை வெச்சு ஆத்துக்கு அந்தக் கரையில நிக்கற மானோட எந்தக் காதுன்னு சொல்லிட்டு அடிப்பான்."

வெர்னாவின் விரல்கள் கண்ணாடிப் பலகைமேல் தாளம் போட ஆரம்பித்தன. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று லோனிக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

"ஒரு மனுஷனைச் சுட அந்தத் துப்பாக்கியே போதும்," என்றாள். "தூரத்துல இருந்தே முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அப்படிப்பட்டவன் எதுக்குப் புதுசா ஒண்ணு வாங்கறான்?"

"ஒரு குண்டு பத்தாதுன்னு நினைச்சிருப்பான்," என்றான் லோனி. "அஞ்சு வருஷத்துக் கோவம்."

"கடைசில எதைக் குடுத்தே?"

மெர்ல் சுவரிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பு நிறம், குட்டையான குழல், வாயகன்ற முனை. "இதோட அண்ணன்தான் அது. பழசு. ஒருத்தன் ஆறு மாசம் வெச்சிருந்துட்டுத் தோள் வலிக்குதுன்னு திருப்பிக் குடுத்தான், அதான் விலை இறங்குச்சு. குண்டு என் கட்டைவிரல் தண்டி இருக்கும். கிட்டத்துல இருந்து அடிச்சா பன்னி எங்கே போச்சுன்னு தேட வேண்டாம், நின்ன இடத்துலயே கிடக்கும். தூரத்துக்குச் சரிப்படாது."

"அப்போ கிட்டப் போய்த்தான் சுடுவான்." வெர்னா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "வேற ஏதாவது கேட்டானா?"

"நிறைய. அதுதான் வேடிக்கை. தோள்ல உதைக்கக் கூடாது, முனையில உதையைக் கொறைக்கற சாமானைப் போடுன்னான். தோள்ல படற பின்கட்டைக்கு நல்ல ரப்பர் வேணும்னான். முன்னாடி ஊணிக்க ரெண்டு கால் மாட்டச் சொன்னான். எல்லாத்துலயும் மலிவானதாப் பாத்து, ஆனா எதையும் விடாம. ரெண்டு மணி நேரம் இருந்திருப்பான். கல்யாண மோதிரம் எடுக்க வந்தவன்கூட அவ்வளவு யோசிக்க மாட்டான்."

"ராய்ஸ் எவ்வளவு உயரம்?"

"ஆறடி மூணு அங்குலம். இந்த வாசல்ல குனிஞ்சுதான் வருவான்."

"உதைக்குப் பயப்படற ஆளா?"

மெர்ல் சிரித்தார். "கோழி லாரி ஓட்டறவன். ஒரு கைக்கு ரெண்டு கூண்டு தூக்குவான். உதைக்கா பயப்படுவான்?"

வெர்னா துப்பாக்கியை லோனியிடம் நீட்டினாள். "தோள்ல வெச்சுப் பாரு. மெர்ல், பின்கட்டையை ராய்ஸுக்கு வெச்ச மாதிரி வை."

மெர்ல் பின்கட்டையைத் தள்ளினார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பள்ளத்தில் கிளிக்கென்று நின்றது. லோனியும் உயரமான ஆள்தான். தோளில் வைத்தபோது முழங்கை விலாவில் இடித்தது, மூக்கு துப்பாக்கியின் முதுகில் முட்டியது.

"இது துப்பாக்கியா, புல்லாங்குழலா?" என்றான். "ஆறடி மூணு அங்குலத்துக்காரன் இதை வெச்சுச் சுட்டா, பன்னி சிரிச்சே செத்துடும்."

வெர்னா சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு," என்றார் மெர்ல், நெற்றிக் கண்ணாடியை மூக்கிலிருந்த கண்ணாடிக்கு மேல் இறக்கிக்கொண்டு. "சுட்டதும் காலித் தோட்டா இந்த வலப் பக்கமா எகிறும். அது மூஞ்சியில அடிக்காம இருக்க ஒரு தடுப்பு போடச் சொன்னான். இடக்கைக்காரங்க கேப்பாங்க அதை."

"ராய்ஸ் இடக்கையா?"

"வலக்கையாலதான் கையெழுத்துப் போட்டான். சில பேருக்கு வலக்கையா இருந்தாலும் இடது கண்ணுதான் சரியா குறி பிடிக்கும். அப்படி இருக்கும்னு விட்டுட்டேன்."

வெர்னா லோனியிடமிருந்து துப்பாக்கியை வாங்கினாள். வலது கையைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். முன்கால்கள் இரண்டையும் கண்ணாடிப் பலகைமேல் ஊன்றினாள். இடது கையால் பிடியைப் பிடித்து, இடது தோளில் பின்கட்டையைச் சாய்த்துக் குனிந்தாள். வெர்னா குள்ளம். துப்பாக்கி அவளுக்காகவே அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கை. இழுக்க போல்ட் இல்லை, தள்ள லீவர் இல்லை. விரலை மடக்கினால் போதும், அடுத்த குண்டு தானாக வந்து நிற்கும்.

கடையில் மீன் தொட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

லோனி பலகையிலிருந்து ஒரு அடி பின்வாங்கினான்.

"ராய்ஸை நீ கடைசியா எப்போ பாத்தே?" என்றாள் வெர்னா, நிமிராமலே.

"இன்னிக்குக் காலைல. லாரி நிறையக் கோழியை ஏத்திக்கிட்டு அர்கன்சாஸ் போறான். காபி வாங்க வந்தான். போனை வீட்ல மறந்து வெச்சுட்டேன்னான். விசிலடிச்சுக்கிட்டே போனான், பாவி. அவன் விசிலடிச்சு நான் கேட்டு வருஷக் கணக்காச்சு."

"கையில துப்பாக்கி?"

"வேலைக்குப் போறவன் எதுக்கு அதைத் தூக்கிட்டுப் போறான்? வீட்லதான் இருக்கும்."

வெர்னா துப்பாக்கியைப் பலகைமேல் கிடத்தினாள். "அவன் போனை மறக்கல, லோனி. அவ எடுத்து வெச்சிருக்கா, நாம அவனைக் கூப்பிட்டுக் கேட்டுடக் கூடாதுன்னு. அவன் யாரையும் கொல்லப் போகல. அவன் பொண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்கிக் குடுத்திருக்கான், அவ்வளவுதான். பன்னிக்குன்னு நம்பி."

"அப்போ அந்தம்மா நம்மகிட்ட எதுக்கு வந்தாங்க?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. துப்பாக்கி அவளிடம் இருந்தது. மாலைக்குள் வீடு திரும்பாத கணவனும் இருந்தான். இல்லாதது ஒன்றுதான். கோல்பி ட்ரெண்ட் எங்கே இருக்கிறான் என்பது.

"மிஸ் வெர்னா." லோனியின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "இடத்தை நான் சொல்லிட்டேன். இப்போதான். வாசல்ல நின்னு."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனில் அவள் கணவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

வெர்னா அவனைத் திட்டவில்லை. சாவிக்குக் கையை நீட்டினாள்.

---

வெர்னா ஓட்டினாள். பைன் மரங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி ஓடின. லோனி ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் போட்டு, கத்தி, கெஞ்சி, கடைசியில் ஒரு உதவி ஷெரிஃப் கிளம்பிவிட்டார் என்று கேட்டான். எங்கிருந்து என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை.

பிறகு நடீனைக் கூப்பிட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. ஹாஸ்கெட் வீடு ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்திலேயேதான். அவள் நிதானமாக வண்டி ஓட்டினாலும் அவர்களுக்கு முன்னால் போய்விடுவாள்.

"எடுங்கம்மா," என்றான் போனைப் பார்த்து. "தயவுசெஞ்சு எடுங்க."

எடுத்தாள்.

"மிசஸ் ஹாஸ்கெட், வண்டியை ஓரமா நிறுத்துங்க. எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அஞ்சு நிமிஷம் பேசலாம். நான் சொன்ன இடமே தப்பு. அங்க அவன் இல்ல."

"உனக்குப் பொய் சொல்ல வராது தம்பி," என்றாள் அவள். பின்னால் சரளைக்கல்லில் சக்கரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. "உன்னை இதுல இழுத்ததுக்கு மன்னிச்சுக்கோ. உன்மேல ஒரு தப்பும் இல்ல. யார் கேட்டாலும் நான் அதைச் சொல்றேன்."

தொடர்பு அறுந்தது.

"சரளை," என்றான் லோனி. "மில்லுப் பாதையில ஏறிட்டாங்க."

வெர்னா இன்னும் அழுத்தி மிதித்தாள். பாலத்தின்மேல் வண்டி எகிறிக் குதித்தது. லோனி இந்த வேலைக்கு வந்து நான்கு வருடம். ஓடிப்போன கணவன்கள், திருடுபோன மாடுகள், பொய் இன்சூரன்ஸ். தான் பேசிய ஒரு வாக்கியம் ஒரு ஆளின் உயிரை எடுக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சுடாதீங்க, சுடாதீங்க," என்று உதடு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மில்லின் துருப்பிடித்த கூரை தெரிந்தபோது வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. காட்டுக்குள் எங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது.

வெர்னா வேகத்தைக் குறைக்கவில்லை. லோனி கண்ணை மூடிக்கொண்டான்.

---

குடிசைக்கு முன்னால் ஒரு பழைய வண்டி நின்றது. அதன் பானட்மேல் துப்பாக்கியின் இரண்டு கால்களும் ஊன்றியிருந்தன. பின்னால் நடீன் குனிந்து நின்றாள். வலது கை கோட்டுப் பைக்குள். இடது விரல் விசையில்.

குடிசைப் படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியாக, மழித்த தலையோடு. அவனுக்குப் பக்கத்தில் கதவு நிலை பிளந்து வெள்ளை மரம் தெரிந்தது. கைகளைத் தூக்கவில்லை. மடியில் வைத்திருந்தான்.

உயிரோடு இருக்கிறான். லோனி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கிட்ட வராதீங்க, மிஸ் குபெச்கா," என்றாள் நடீன், திரும்பாமல்.

"வரல." வெர்னா அசையாமல் நின்றாள். "நின்னுக்கறேன்."

"இவன் ஓடுவான்னு நினைச்சேன். முதல் குண்டுக்கே ஓடுவான், முதுகுல சுடலாம்னு இருந்தேன். உக்காந்துட்டான்." குழலை அவன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினாள். "எந்திரிடா. ஓடு. அன்னிக்கு ஓடினியே."

அவன் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு என் கை ஸ்டியரிங்குல நசுங்கிக் கிடந்துச்சு," என்றாள். வெர்னாவிடம் சொல்கிறாளா அவனிடமா என்று தெரியவில்லை. "திரும்ப முடியல. பின்னாடி வெஸ் பேசறான். 'அம்மா, அந்த அண்ணன் எங்கே ஓடறாரு'ங்கறான். உதவிக்கு ஆள் கூட்டிட்டு வரப் போறாரு கண்ணுன்னேன். சரிம்மான்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'வந்துட்டாராம்மா'ன்னான். வந்துட்டே இருக்காருன்னேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ வருவேன்னு நம்பிக்கிட்டே போயிட்டான். கோர்ட்டுல நீ ஒரு வார்த்தை பேசுவேன்னு பாத்தேன். பேசல நீ. இன்னிக்கு இது உனக்குத் தெரிஞ்சே ஆகணும். தெரிஞ்சுக்கிட்டுச் சாவு."

"எனக்குத் தெரியும் மேடம்," என்றான் கோல்பி.

காற்றில் பைன் இலைகள் சலசலத்தன.

"நான் தூரமாப் போகல. பைன் மரத்துக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். நீங்க அவன்கிட்ட சொன்னது எல்லாம் கேட்டுச்சு. போன் என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு." மடியிலிருந்த கைகளைப் பார்த்தான். "தினமும் கேக்குது."

நடீனின் விரல் இறுகுவதை லோனி பார்த்தான். வெர்னா ஏதாவது செய்வாள், பாய்வாள், கையைத் தட்டிவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் அசையவில்லை. சாதாரணமாகப் பேசினாள், வேலி ஓரமாக நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவது போல.

"காலைல ராய்ஸ் மெர்ல் கடைக்குக் காபி வாங்க வந்தாராம், நடீன். விசிலடிச்சுக்கிட்டுப் போனாராம்."

நடீன் கன்னத்தைப் பின்கட்டையிலிருந்து கொஞ்சம் தூக்கினாள்.

"ரெண்டு மணி நேரம் நின்னு வாங்கியிருக்கார். உன் தோள் வலிக்கக் கூடாதுன்னு ரப்பர். உன் மூஞ்சியில தோட்டா படக் கூடாதுன்னு தடுப்பு. மெர்ல் சொல்றார், கல்யாண மோதிரம் எடுக்கறவன்கூட அப்படிப் பாக்க மாட்டானாம்."

"விசிலடிச்சாரா?" என்றாள் நடீன்.

"ஆமா."

"ராய்ஸா?"

"ஆமா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நீ அவர்கிட்ட ஆசையா ஒண்ணு கேட்டியேன்னு சந்தோஷம்."

நடீனின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் முழு உடம்பும். தலை பின்கட்டைமேல் சாய்ந்தது. விசையிலிருந்து விரல் விலகியதா என்று தெரிவதற்குள் வெர்னா பக்கத்தில் போய்விட்டாள். குழலை ஆகாயத்துக்குத் திருப்பி, துப்பாக்கியை வாங்கி, குண்டுகளை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் தண்டிக் குண்டுகள். அவற்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

சைரன் சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

உதவி ஷெரிஃப் இளம் ஆள். இறங்கும்போதே கையைத் துப்பாக்கி உறைமேல் வைத்துக்கொண்டு இறங்கினார். பிளந்த கதவு நிலையைப் பார்த்தார். அழுதுகொண்டிருக்கும் ஒற்றைக்கை அம்மாளைப் பார்த்தார். படியில் இருந்த மழித்த தலையைப் பார்த்தார்.

"சுட்டது யாரு?"

"நான்," என்றான் கோல்பி ட்ரெண்ட். எழுந்து நின்றான். "நான்தான் சுட்டேன். இவங்க பிடுங்கினாங்க."

பரோலில் வந்தவன் துப்பாக்கியைத் தொட்டாலே போதும், மிச்சம் இருக்கிற வருடம் எல்லாம் உள்ளேதான். அது அந்த இடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உதவி ஷெரிஃபின் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. கதை அவருக்குப் பிடித்தபடி வந்துவிட்டது. விலங்கை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

வெர்னா வாயைத் திறந்தாள். மூடினாள். லோனி அவளைப் பார்த்தான், நடீனைப் பார்த்தான். ஒரே ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும் அவளுக்கு. ஐந்து வருடமாகக் கேட்டது கையில் வந்து விழும். அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

நடீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் பொய் சொல்றான் சார்," என்றாள். "சுட்டது நான். கொல்லத்தான் வந்தேன். குறி தப்பிடுச்சு. அவன் எனக்காக எதையும் செய்ய வேண்டாம்."

"மேடம், விடுங்க," என்றான் கோல்பி. "ப்ளீஸ்."

"நீ பேசாதே," என்றாள் அவள்.

உதவி ஷெரிஃப் திரும்பி வந்தார். நடீனின் இடது மணிக்கட்டில் விலங்கின் ஒரு பக்கத்தை மாட்டினார். இன்னொரு பக்கத்தை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு வண்டிக்கு அழைத்துப் போனார்.

கதவு சாத்தும் முன் நடீன் லோனியைக் கூப்பிட்டாள்.

"அடுப்புல பீன்ஸ் வெச்சிருக்கேன். அணைச்சுட்டுத்தான் வந்தேன். அவர் வந்தா சூடு பண்ணிக்கச் சொல்லு. போன் ரொட்டி டப்பாவுக்குள்ள இருக்கு."

லோனி தலையாட்டினான்.

---

சாயந்திரம் ஹாஸ்கெட் வீட்டு வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸ் இதை ரேடியோவில் கேட்பதற்கு முன்னால் மனிதர்கள் சொல்லிக் கேட்க வேண்டும் என்று வெர்னா சொன்னாள். தோட்டத்தில் மண் புரண்டு கிடந்தது. பன்னிகள் வந்து போனது நிஜம்தான்.

"நான் சொல்றேன்," என்றாள் வெர்னா. "நீ வண்டியில இரு."

"வேண்டாம் மிஸ் வெர்னா."

அவள் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கோழி இறகு ஒட்டிய பெரிய லாரி தெரு முனையில் திரும்பி மெதுவாக வந்து நின்றது. உள்ளே இருந்தவன் இவர்களைப் பார்த்து, விருந்தாளிகள் என்று நினைத்து, தொப்பியைத் தொட்டான். கதவைத் திறந்துகொண்டு அந்த நீளமான உடம்பை மடக்கிக் கீழே இறங்கினான். இவர்களுக்குப் பின்னால் இருந்த சமையலறை ஜன்னலில் விளக்கு இல்லாததை அவன் இன்னும் கவனிக்கவில்லை.

"வணக்கம்," என்றான் சிரித்துக்கொண்டே. "நடீன் உள்ளே இருக்காளா?"

லோனிதான் முதலில் எழுந்தான்.